கரண்டு வைத்த உடம்பு

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் கூடி நின்றாலே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அது உங்களுக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நம்மில் ஒருவர் பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, டீயில் நனைத்து, வாய் ஓரமாகச் செருகிக்கொண்டிருந்தார். வாய் அதற்கு மேல் திறக்கவே இல்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். கன்னத்துக்குள் புண்ணாம், ஆறு மாதமாம். சூடாம். வயிற்றுச் சூடு வாய்க்கு ஏறிவிட்டதாம். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டு வருகிறாராம். சொல்லி முடித்துவிட்டு, மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து ஒரு கிள்ளு புகையிலையை அதே கன்னத்தில் அதக்கிக்கொண்டார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. இந்தச் சூட்டுக் கதையை நான் நாலாவது படிக்கும்போதே கேட்டுவிட்டேன். அப்போதாவது ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது என்ன கேடு?

அது எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். மாசி, பங்குனி வந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு புளிதான். பழத்தைக் குவித்து வைத்து ஓட்டை உடைப்பார்கள், நாரை உரிப்பார்கள், கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். பொழுது விடிந்ததிலிருந்து சாயும் வரைக்கும் டொக் டொக் என்று ஊரே தட்டும். சட்டை, போர்வை, குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் புளி வாசம் ஏறியிருக்கும். அம்மாவின் விரல் நுனிகள் பழுப்பாகி, கார்த்திகை வந்தாலும் அந்த நிறம் போகாது.

கை புளியில் இருக்கும்போது அம்மாவின் வலது கன்னத்தில் புகையிலை இருக்கும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் வேலை ஓட வேண்டும், பசி தெரியக் கூடாது, அதற்கு அதுதான் மருந்து. கடைக்குப் போய் வாங்கி வருவது நான். "காம்பு வேணாம், தழையா குடுங்கன்னு கேளு" என்று சொல்லி அனுப்புவாள். காம்பில்லாத தழையாகப் பார்த்து வாங்கி வருவதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வருஷம்தான் கன்னத்துக்குள் புண் வந்தது. முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு. மோர்ச்சோறு தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காத மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது வெடித்துப் புண்ணானது. வலி இல்லை. புளி பட்டால் மட்டும் எரிந்தது. உடனே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள், புளிச் சூட்டால்தான் புண் என்று. ஊரே புளி தட்டும்போது ஒருத்தி வாயில் மட்டும், அதுவும் ஒரே கன்னத்தில் மட்டும், அதுவும் புகையிலை வைக்கிற கன்னத்தில் மட்டும் ஏன் வந்தது என்று ஒருவர் கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. அம்மா புளி தட்டுவதை நிறுத்தினாள். புகையிலையை நிறுத்தவில்லை. எரிச்சலுக்கு அது மரத்துப்போக வைக்கிறது என்று கொஞ்சம் கூட்டிக்கொண்டாள்.

சித்திரையில் கம்பவுண்டரிடம் போனார்கள். அவர் அம்மாவை வாயைத் திற என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்தே சத்து மாத்திரையும் தடவிக்கொள்ள ஊதா மருந்தும் கொடுத்தார். வைகாசியில் கடைவாய்ப் பல் ஒன்று தானாக ஆட ஆரம்பித்தது. பல் உரசித்தான் புண் ஆறவில்லை என்று அடுத்த கண்டுபிடிப்பு. சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் உட்கார வைத்துப் பிடுங்கினார்கள். பல் போன குழியும் மூடவில்லை. இப்போது இரண்டு புண்.

இதையெல்லாம் முடிவு செய்தது பெரியப்பா. அவர் சந்தையில் சீட்டு எழுதுகிறவர். எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாக எழுதும் மைப் பென்சில் ஒன்று எப்போதும் அவர் காதில் செருகியிருக்கும். எழுதத் தெரிந்தவர் என்பதால் வீட்டில் எல்லாம் தெரிந்தவரும் அவரே. அப்பா அவருக்கு எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் சொன்னால் தலையை ஆட்டுவார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தாலும் தலையைத்தான் ஆட்டுவார்.

ஆடி வந்தபோது அம்மாவால் களி உருண்டையை வாயில் போட முடியவில்லை. கரைத்து டம்ளரில் குடித்தாள். ஒருநாள் குடிக்கும்போது கூழோடு ரத்தம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அப்பா, ஜாக்கெட் துணி வாங்கப் போவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு, எங்களைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் போனேன்.

அங்கே இருந்த லேடி டாக்டருக்கு வயது அதிகம் இல்லை. அம்மாவின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி, தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காட்டினார்.

"இப்படி மூணு விரல் போவணும்மா. உங்களுக்கு ஒன்னரைதான் போவுது. எத்தனை மாசமாங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க?"

கேட்டது அப்பாவை. அப்பா தரையைப் பார்த்தார். டாக்டர் அதோடு விடவில்லை. வாயில் ஒரு புண் மூன்று வாரத்தில் ஆறவில்லையென்றால் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும், வலி இல்லாததுதான் மோசம், வெள்ளைத் தடிப்பு, வாய் திறக்காமல் போவது, பல் காரணமில்லாமல் ஆடுவது, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் காட்ட வேண்டும் என்றார். பொம்பளைகளுக்கு மார்பில் கட்டி வரும், தீட்டு நின்ற பிறகும் ரத்தம் படும், அதையெல்லாம் வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு முற்றிய பிறகுதான் வருகிறீர்கள் என்று, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வரிசையில் நின்றவர்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அம்மா அன்று ஆஸ்பத்திரி வாசல் சாக்கடையில் துப்பிய புகையிலைதான் கடைசி. அதற்குப் பிறகு தொடவில்லை.

துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பா குதித்தார். கத்தி பட்டால் பரவிவிடும், தூங்குகிற பாம்பைத் தட்டி எழுப்பிவிட்டு வந்திருக்கிறாய் என்று அப்பாவைக் கேட்டார். அது ஐந்து மாதமாகத் தூங்காமல் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. டெஸ்ட்டில் புற்று என்று வந்தது. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும், கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள்.

கரண்டு. இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரிக்காரர்களே அப்படித்தான் சொன்னார்கள். நமக்கு விளங்கட்டும் என்று சொன்னார்கள். நாம் விளங்கிக்கொண்ட அழகைக் கேளுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் ஊரில் மழை பெய்த மறுநாள் கம்பத்துக் கம்பியில் உரசிய எருமை ஒன்று நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. அதை இழுக்கப் போனவரும் தூக்கி எறியப்பட்டார். கரண்டு என்றால் எங்களுக்கு அந்த எருமைதான்.

நாலு வாரம் போனபோது ஆயுத பூஜை வந்தது. கரண்டு வைக்கிற மிஷினுக்கே பொட்டு வைத்து, நாலு நாள் லீவு விட்டார்களாம். திங்கட்கிழமை வந்துவிட வேண்டும், நாள் தவறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்.

வாசலில் வந்து நின்றவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வலது கன்னம் கறுத்துப்போயிருந்தது. தோல் சுருண்டு உரிந்திருந்தது. காது ஓரத்திலிருந்து தாடை வரைக்கும், தாடையிலிருந்து வாய் ஓரத்துக்கு, அங்கிருந்து மேலே என்று ஊதா மையில் ஒரு கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று. எந்த இடத்தில் வைப்பது என்று ஆஸ்பத்திரியில் போட்ட கோடு அது. அழியக் கூடாது, அந்த இடத்தில் சோப்பு, எண்ணெய், மஞ்சள் ஒன்றும் படக் கூடாது என்று அப்பா வந்த உடனே எல்லோருக்கும் சொன்னார்.

நான் ஓடினேன். பெரியம்மா என் டவுசரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"கிட்டப் போவாத. கரண்டு வெச்ச ஒடம்பு. தொட்டினா இழுத்துக்கும்."

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே முழுக்கப் புண். சிவந்து, மேலே வெள்ளை படர்ந்து, நாக்கு கூடப் பிளந்திருந்தது. சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் பெரியம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் ஒரு மரப்பலகை. பலகையில் கரண்டு பாயாதாம். கஞ்சியை ஈய டம்ளரில் கொடுத்தால் பாயும் என்று மண் கலயத்தில் ஊற்றி, ஒரு குச்சியால் தள்ளி வைப்பாள் பெரியம்மா. அதுவும் அப்பாவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு. பெரியம்மா கெட்டவள் இல்லை. ஒருநாளும் கஞ்சி கொடுக்கத் தவறியதில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பெரியப்பாவின் பெரிய மகன் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். எனக்கு அண்ணன் முறை. அவன் மறுநாள் வந்து, பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்து அம்மாவின் முழங்கையில் வைத்துப் பார்த்தான். பிடிக்குள் விளக்கு எரியவில்லை. ஆட்டிப் பார்த்தான். சுவரில் தட்டிப் பார்த்தான். வாசலில் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதோடு ஒழிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அவன் திரும்பி,

"இப்ப லோ வோல்டேஜ். அதுக்குன்னு நம்பிற முடியாது" என்றான்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உதடு பிளந்து ரத்தம் கசிந்தது. அதைத் துடைத்துவிடவும் ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ஒரு புண்ணோடு போனவள் வாய் நிறையப் புண்ணோடு வந்திருக்கிறாள், முகம் வெந்திருக்கிறது, எச்சில் வற்றிவிட்டது, உப்பும் தெரியவில்லை உறைப்பும் தெரியவில்லை என்கிறாள், இது வைத்தியமா, இனி அங்கே அனுப்பக் கூடாது. மீதி இரண்டு வாரம் இருக்கிறது என்று அப்பா முனகினார். பெரியப்பா முறைத்ததும் தலையை ஆட்டினார். அந்தப் புண்ணும் வறட்சியும் வைத்தியத்தால் வருகிறவை, நோய் வளர்ந்து வந்தவை இல்லை, வைத்தியம் முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும் என்று ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி ஒரு பொட்டலம்கூடக் கொடுத்திருந்தார்கள். அப்பா அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பெரியப்பா முன்னால் அதை எடுக்க அவருக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை நடந்ததுதான் மோசம். சுமங்கலி முகத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு பூஜை நாளில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டாள். அம்மாவைப் பலகை மேல் நிற்க வைத்து, தான் ரப்பர் செருப்பில் நின்றுகொண்டு, நல்லெண்ணெயை ஊற்றினாள். கைபடாமல் தேய்க்க ஒரு நீளமான பீர்க்கங்கூட்டை எடுத்துக்கொண்டாள். சீயக்காய் போட்டாள். வெந்த தோல் மேல் சீயக்காய். அம்மா போட்ட சத்தம் வார்த்தையாக இல்லை. நான் கிணற்றடி வரைக்கும் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது கன்னத்தில் கோடு இல்லை. தோலும் பாதி இல்லை.

பெரியப்பாவுக்கு வசதியாகப் போயிற்று. கோடு இல்லாமல் போனால் அங்கே சேர்க்க மாட்டார்கள், எங்கே வைப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும், சாமியே அழித்துவிட்டது என்றார். அப்பா கடலை பிடுங்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரியப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மாவும் கடலைக் காட்டுக்குப் போயிருந்தாள். நான் அம்மாவின் அறை வாசலில், எப்போதும் உட்காரும் தூரத்தில், உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக அங்கேதான் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பெரியப்பாவின் மைப் பென்சில் இருந்தது.

"நீதான பாத்துக்கிட்டே கெடந்த" என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, கல் பொறுக்கிப் போடுகிற மாதிரி வந்தது. "கோடு எப்படி இருந்துச்சின்னு தெரியுமில்ல? போடு."

நான் நகரவில்லை. ஷாக் அடிக்கும் என்றேன்.

"நாலு வாரமா எனக்கே அடிக்கல. ஒனக்கா அடிக்கப் போவுது? வா கண்ணு. இல்லன்னா நான் செத்துப் போவன்."

சாதாரணமாகச் சொன்னாள், அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

நான் பலகையில் ஏறினேன். அம்மா பென்சிலை நனைக்க நாக்கில் வைத்தாள். அது வெறுமனே உரசியது. நாக்கில் ஈரமே இல்லை. மறுபடி உரசினாள், மை வரவில்லை. பிறகு என்னிடம் நீட்டினாள். நான் என் நாக்கில் தொட்டேன். கசந்தது. இடது கையால் அவள் தாடையைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் பிடித்தேன். சூடாக இருந்தது. வறுத்த கடலையின் செந்தோல் மாதிரி அந்தத் தோல் என் விரலில் ஒட்டி வந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஷாக் இல்லை, இழுக்கவில்லை, தூக்கி எறியவில்லை. அம்மாதான், அவ்வளவுதான்.

காதிலிருந்து ஆரம்பித்து, கணக்கு நோட்டில் கட்டம் போடுகிற மாதிரி போட்டேன். தோல் போன இடத்தில் பென்சில் பட்டபோது அவள் என் டவுசரை இறுக்கிப் பிடித்தாள், முகத்தை மட்டும் அசைக்கவில்லை. நடுவில் பெருக்கல் குறியும் போட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். நேற்று இல்லாத கோடு இன்று இருக்கிறது, அதுவும் கோணலாக. என் விரலைப் பார்த்தார். ஊதா. பையில் இரண்டு சேலை எடுத்து வை, காலையில் முதல் பஸ் என்றார். பெரியப்பா எழுந்து வந்து, கோடுதான் போய்விட்டதே என்றார். அப்பா வாழ்நாளில் முதல் முறையாக அண்ணனுக்குப் பதில் சொன்னார்.

"இல்லீங்கண்ணா. அது உள்ள எறங்குன மையி. தண்ணி காஞ்சதும் மேல வந்துருச்சி."

பெரியப்பா அம்மாவின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். கையைக் காதுக்குக் கொண்டுபோனார். பென்சில் அங்கே இல்லை. கையை இறக்கிக்கொண்டு, "பெங்களூரு மையின்னா மையிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் நம்பினாரா, விட்டுக்கொடுத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் செத்து வருஷம் பல ஆகிவிட்டது. அந்தப் பென்சிலும் யார் கையிலும் திரும்பக் கிடைக்கவில்லை.

பெங்களூரில் நடந்ததை அம்மா பின்னால் சொன்னாள். கோட்டைப் பார்த்ததும் மிஷின்காரர் டாக்டரைக் கூப்பிட்டாராம். நான் போட்ட கட்டம் கண்ணுக்குக் கீழ் வரை ஏறியிருந்தது. இந்தக் கோட்டை நம்பி வைத்திருந்தால் கண் போயிருக்கும் என்று அப்பாவைக் கன்னடத்தில் கிழித்தார்களாம். எல்லாவற்றையும் துடைத்து, பழைய படத்தை வைத்து அளந்து, புதிதாகப் போட்டார்கள். ஓசூர்ப் பக்கத்து நர்சம்மா ஒருவர், இதை யார் போட்டது என்று கேட்க, என் பையன், நாலாவது படிக்கிறான் என்றாளாம் அம்மா. அஞ்சாவது பாஸ் பண்ணட்டும், இங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றாராம் நர்சம்மா. அஞ்சாவது பாஸ் பண்ணினேன். அதோடு சரி.

அந்த நர்சம்மாதான் அப்பாவிடம் புரிகிற மாதிரி சொன்னவர். இது கம்பியில் வருகிற கரண்டு இல்லை, வெளிச்சம் மாதிரி ஒன்று, மிஷினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும், உடம்பில் தங்காது, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டே படுக்கலாம் என்று. இதை முதல் நாளே கேட்டிருந்தால் போதும். கேட்க அப்பாவுக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எனக்கும் வந்திருக்கிறது.

அவர்கள் பஸ் ஏறிய அன்று பள்ளிக்கூடத்தில் என் விரலைப் பார்த்து வாத்தியார் கழுவிவிட்டு வரச் சொன்னார். நான் கழுவவில்லை. அழியக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்களே. அடி வாங்கினேன். வலது கையைத் தண்ணீரில் காட்டாமலே திரிந்தேன். நாலைந்து நாளில் மை தானாகவே போய்விட்டது. அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா வைத்தியம் முடிந்து கார்த்திகையில் திரும்பினாள். வாய்ப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ருசி அதற்குப் பிறகுதான் வந்தது. எச்சில் கடைசி வரை சரியாக ஊறவில்லை, எங்கே போனாலும் தண்ணீர்ச் செம்போடுதான் போவாள். கன்னத்தில் கறுப்பு மங்கியது, தோல் கெட்டியாகவே இருந்தது. பெரியம்மா அவளைத் தொட பொங்கல் வரை ஆயிற்று. என் கல்யாணத்தைப் பார்த்தாள், பேரப் பிள்ளைகளைத் தூக்கினாள். சொந்தக்காரர்களில் சிலர் அப்போதும் பிள்ளையைக் கொடுக்கும் முன் ஒரு நொடி யோசிப்பார்கள். அதை அவள் கவனித்துச் சிரிப்பாள்.

டீக்கடையில் பன் நனைத்துத் தின்றவரே, உங்களுக்குத்தான் இதெல்லாம். சூடு இல்லை அது. கீரையால் ஆறுகிற புண்ணும் இல்லை. நாளைக்குக் காலையில் அதே கடைக்கு வருவேன். என்னால் பேச முடியாது, நாலு பேர் இருப்பார்கள். மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்திக் காட்டுவேன். வாயில் வைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் டீயை வைத்துவிட்டு எழுந்திருங்கள். தர்மபுரி பஸ் எதிரில்தான் நிற்கும். கூட நானும் ஏறிக்கொள்கிறேன்.